படுத்திருக்க வேண்டிய கோடு

படுத்தே கிடக்க வேண்டிய கோடு இருபத்தேழாவது சுற்றில் எழுந்து நின்றது.

மதியம் இரண்டு மணி. ஜன்னல் இல்லாத அந்த ஆய்வறையில் மணி எதுவானாலும் ஒரே வெளிச்சம்தான். குழல்விளக்கின் வெள்ளையும், உறைபெட்டிகளின் ஓயாத உறுமலும், தரையைத் துடைத்த குளோரின் நெடியும் காலையிலிருந்து மாலை வரை ஒரே அளவில் நிற்கும். வைரஸின் மரபணுவைச் சுற்றுச் சுற்றாகப் பெருக்கிக் காட்டும் பிசிஆர் கருவியின் திரையில் எட்டு நோயாளிகளின் எட்டுச் சிவப்புக் கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே ஏறியிருந்தன. அவற்றுக்கு அடியில் இரண்டு கோடுகள் கடைசிவரை தரையோடு தரையாகக் கிடக்க வேண்டும். நீலக் கோடு வெறும் தண்ணீர். அது கிடந்தது. பச்சைக் கோடு, நோயே இல்லாத ஓர் ஆளின் தொண்டையிலிருந்து எடுத்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைப்பது. 'கண்ட்ரோல்' என்பார்கள். அதுதான் எழுந்திருந்தது. திடுக்கென்று அல்ல. உறங்குகிற குழந்தை, யாரோ தன்னைக் கூப்பிட்டதுபோல் மெல்ல எழுந்து உட்காருமே, அப்படி.

இதோடு மூன்றாவது வாரம்.

கண்ட்ரோல் எழுந்துவிட்டால் அந்தச் சோதனை செல்லாது. எங்கோ ஒரு துளி தெறித்திருக்கிறது, கையுறையிலோ குழாயின் மூடியிலோ ஒட்டிக்கொண்டு நோயாளியின் மாதிரி கண்ட்ரோலுக்குள் போயிருக்கிறது என்று பொருள். அறிக்கை எழுதக் கூடாது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, மேசையை மூன்று முறை துடைத்து, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அது ஆய்வறைத் தலைவரான பெரிய டாக்டர் போட்ட சட்டம். பதினொரு வருடமாக அவள் அதை மீறியதில்லை. போன வாரமும் அதற்கு முந்தின வாரமும் அப்படித்தான் கொட்டினாள்.

அவளுடைய வேலை வந்த நோயை வகைப்படுத்துவது. எந்த வைரஸ், எந்தக் குடும்பம், அதற்கு மேல் கொழுப்பு உறை உண்டா இல்லையா, எப்படிப் பரவுகிறது. உறைபெட்டியின் தட்டுகள் அந்த வரிசையில்தான் இருந்தன. தட்டம்மையும் பொன்னுக்கு வீங்கியும் ஒரே குடும்பம், ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்தில். சின்னம்மையும் அக்கியும் ஒரே வைரஸின் இளமையும் முதுமையும் என்பதால் ஒரே பெட்டியில். மஞ்சள் காமாலை மட்டும் வெவ்வேறு குடும்பத்து வைரஸ்கள் வந்து போகும் ஒரே வீடு என்பதால் அதற்குப் பல தட்டுகளில் இடம். காலையில் வேலை தொடங்குமுன் உறைபெட்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொள்வாள். ஒவ்வொரு குழாய்க்குப் பின்னாலும் ஒரு கட்டில் இருக்கிறது, கட்டிலுக்குப் பக்கத்தில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுக்கு நல்ல செய்தி போகட்டும் என்பதே அவளுடைய பிரார்த்தனை.

இந்த எட்டுக் குழாய்கள் வரத் தொடங்கி நான்கு வாரம் ஆகிறது. முதலில் ஒன்று, பிறகு இரண்டு, பிறகு ஐந்து. எட்டுப் பேரும் ஒரே தெருவையும் ஒரே மருத்துவமனையையும் சேர்ந்தவர்கள். எட்டுப் பேரும் இப்போது உயிரோடு இல்லை. மூளையில் வீக்கம். வெறிநாய்க்கடிச் சோதனையில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அந்த வைரஸின் குடும்பத்துக்கே பொதுவான சோதனையில் எட்டும் ஏறின. அந்தக் குடும்பத்தில் இதுவரை யாரும் பார்த்திராத ஒன்று என்று அவளுக்கு முதல் வாரமே தோன்றியது. தோன்றி என்ன பயன்? கண்ட்ரோல் எழுந்துவிட்டது. அறிக்கை போகவில்லை.

குப்பைப் பையை விரித்து வைத்துவிட்டு, கொட்டுவதற்குக் கையை நீட்டியவள், நிறுத்தினாள்.

முதல் வாரம் பச்சைக் கோடு முப்பத்து நான்காவது சுற்றில் எழுந்தது. இரண்டாவது வாரம் முப்பத்தொன்று. இன்று இருபத்தேழு. சுற்று குறையக் குறைய உள்ளே இருக்கும் வைரஸ் அதிகம். தெறித்த துளி இப்படி வாராவாரம் ஒழுங்காகப் பெருகுமா? தெறிப்பதானால் தண்ணீரிலும் ஒரு முறையாவது தெறித்திருக்க வேண்டாமா? மூன்று வாரமும் தண்ணீர் அசையவே இல்லை.

தொண்டைக்குள் பஞ்சுக்குச்சி நுழைவது யாருக்கும் பிடிக்காது, குமட்டும். நோயில்லாத ஆள் ஒருவர் வேண்டும் என்று பெரிய டாக்டர் கேட்டபோது எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். மற்றவர்களுக்கு எதற்குத் தொல்லை என்று அவள்தான் ஒப்புக்கொண்டாள். அன்றிலிருந்து வாராவாரம் அவள்தான்.

அந்தப் பச்சைக் கோடு அவள்.

எச்சிலை விழுங்கிப் பார்த்தாள். வலி இல்லை. நெற்றியில் கை வைத்தாள். சூடு இல்லை. உடம்புக்கு ஒன்றுமே இல்லை. சொல்லப்போனால் இந்த ஒரு மாதமாக மனசு நிறைந்திருந்த மாதிரி என்றைக்கும் இருந்ததில்லை. உறைபெட்டி ஒரு முறை உறுமி அடங்கியது. அந்த அமைதியில் சுவரிலிருந்த கடிகாரத்தின் முள் நகர்வது கேட்டது. இரண்டு இருபது. ஐந்து மணிக்கு அவள் கணவர் சிட்டுவைக் கூட்டிக்கொண்டு வருவார். ஆறு வயது மகள், ஸ்கூட்டரிலிருந்து குதித்து, கழுத்தைக் கட்டிக்கொண்டு, கன்னத்தில் ஒன்று, நெற்றியில் ஒன்று, மூக்கில் ஒன்று.

இன்னொரு தொண்டை வேண்டும். வேறொருவருடையது படுத்தே கிடந்தால் ஏறியது அவள்தான் என்று ஆகிவிடும். அதுவும் ஏறினால் ஏதோ மருந்து கெட்டிருக்கிறது, கருவி கெட்டிருக்கிறது. ஏறட்டும், கருவி கெட்டிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

சக ஊழியர்கள் இருவரும் இந்த வாரம் விடுமுறை. 'வீட்டில் எல்லோருடனும் இருக்க வேண்டும் போலிருக்கிறது' என்று இருவருமே காரணம் எழுதியிருந்தார்கள். மிச்சம் இருந்தவள் நடைக்கோடியில் கண்ணாடிக் குப்பிகளைக் கழுவி ஆவியில் அவிக்கும் கழுவுகிற அக்கா மட்டும்தான். வாய்த்துடுக்கு. எட்டு வருடத்தில் ஒரு நல்ல வார்த்தை அவள் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை.

"அக்கா, கொஞ்சம் வாயைத் திறங்க."

"எதுக்கு? மாடு வாங்கறவன் பல்லு பாக்கற மாதிரி பாக்கறே?"

"நோயில்லாத தொண்டை ஒண்ணு வேணும்க்கா. உங்களை விட்டா ஆளில்ல."

"என் தொண்டைக்கு என்ன குறைச்சல்? நான் கத்தினா மூணு மாடிக்குக் கேக்கும்." சிரித்தாள். சிரித்துவிட்டு, குச்சி வைத்திருந்த அவளுடைய கையைத் தன் ஈரக் கைகளால் பற்றிக்கொண்டாள். "எடுத்துக்கோ தங்கம். உனக்கு இல்லாததா?"

தங்கம். 'இந்தாம்மா' என்பதைத் தவிர வேறு சொல் சொல்லாதவள். எப்போதிருந்து தங்கம்? யோசித்துப் பார்த்தாள். இரண்டு வாரம் இருக்கும். இருவரும் ஒரே டப்பாவிலிருந்து சாப்பிடத் தொடங்கியபோது. முதலில் அதைத் தொடங்கியது அவள்தான். அக்கா தனியாகச் சாப்பிடுவது ஏனோ மனசைப் பிசைந்தது, போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் ஊட்டியும் விட்டாள்.

மாதிரி எடுத்து முடித்த பிறகும் அக்கா கையை விடவில்லை. கையுறைக்கு மேலாகப் புறங்கையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, நேரமாச்சு."

"போயேன். யாரு பிடிச்சு வெச்சிருக்கா?" என்றாள் அக்கா. ஆனாலும் விடவில்லை. விரல் விரலாக உருவிக்கொள்ள வேண்டியிருந்தது.

கருவியை ஓடவிட்டால் ஒன்றரை மணி நேரம். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் எட்டுப் பேரின் படிவங்களை மேசையில் பரப்பினாள். இதுவரை அவள் படித்ததெல்லாம் காய்ச்சல் எத்தனை, வலிப்பு உண்டா, எத்தனையாவது நாளில் மரணம் என்கிற கட்டங்களை மட்டும். 'பிற குறிப்புகள்' என்ற இடத்தை ஆய்வறையில் யாரும் படிப்பதில்லை. அது உறவினர் சொல்வதை மருத்துவமனையில் கிறுக்கும் இடம்.

முதல் படிவம்: 'மிகவும் கண்டிப்பானவர். கடைசி ஐந்து வாரம் ரொம்பப் பாசமாக இருந்தார் என்கிறார் மனைவி.'

இரண்டாவது: 'பக்கத்து வீட்டோடு இருந்த பன்னிரண்டு வருடச் சண்டையைத் தானாகப் போய்ச் சமாதானம் செய்தார். கட்டிப்பிடித்து அழுதார்.'

மூன்றாவது: 'தனியாக இருக்க மாட்டேன் என்கிறார். எல்லோருக்கும் ஊட்டி விடுகிறார்.'

நான்காவது: 'பேருந்தில் தெரியாதவர்களின் குழந்தைகளுக்கு முத்தம்.'

காகிதம் சரசரத்தது. அடுத்ததை இழுத்துக்கொண்டாள். ஐந்தாவது படிவத்தில் தொழில் என்ற இடத்தில் 'செவிலி' என்றிருந்தது. மேலே இருந்த பெயரைப் பார்த்ததும் முகம் நினைவுக்கு வந்தது. முதல் குழாயைப் பனிப்பெட்டியில் வைத்துக்கொண்டு வரவேற்பு மேசைக்கு வந்தவள். கையெழுத்துப் போட இவள் குனிந்தபோது இவள் கன்னத்தை இரண்டு கையாலும் ஏந்தி, "எவ்வளவு களைப்பா இருக்கே கண்ணு, யாருமே உன்னைக் கவனிக்கறதில்லையா?" என்று முத்தமிட்டுவிட்டுப் போன செவிலி. அன்று முழுக்க அந்த முத்தம் நெஞ்சுக்குள் விளக்குபோல் எரிந்தது. உலகத்தில் இன்னும் நல்லவர்கள் இருக்கிறார்கள் என்று இரவு கணவரிடம் சொன்னாள்.

எதிர்ச்சுவரில் பெரிய டாக்டர் தன் கையால் எழுதி ஒட்டிய அட்டவணை. வைரஸ் குடும்பங்கள் இடப்பக்கம். வெளியே வரும் வழி வலப்பக்கம். சளி வைரஸ்: தும்மல். வயிற்றுப்போக்கு வைரஸ்: தண்ணீர். டெங்கு: கொசு. வெறிநாய்க்கடி: எச்சில். அந்தக் கடைசி வரியைப் புதிதாகச் சேர்பவர்களுக்கு அவளே எத்தனை முறை விளக்கியிருக்கிறாள். அது எச்சிலில் இருக்கிறது, எச்சில் இன்னோர் உடம்புக்குள் போக வேண்டும், அதனால் மூளைக்குள் ஏறிக் கடிக்க வைக்கிறது. நாயின் கோபம் நாயுடையது அல்ல என்பாள். அவர்கள் வாய் பிளந்து கேட்பார்கள்.

எச்சில் இன்னோர் உடம்புக்குள் போக வேண்டும்.

கடிக்கத்தான் வேண்டும் என்றில்லை.

இந்த ஒரு மாதத்தில் தான் செய்ததையெல்லாம் அவள் நினைத்துப் பார்த்தாள். அக்காவுக்கு ஊட்டியது. எதிர்வீட்டுக் கிழவரின் நெற்றியைத் துடைத்துவிட்டது. பள்ளி வாசலில் அழுத யாரோ ஒரு பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டது. சிட்டு சாப்பிட்ட மிச்சத்தைத் தான் சாப்பிட்டு, தன் கையால் அவளுக்கு இன்னொரு வாய். சின்னச் சின்ன அன்பு. கடவுள் மனிதர்களிடம் கேட்பது அவ்வளவுதான் என்று அம்மா சொல்லி வளர்த்தது, அவள் நம்பி வாழ்ந்தது. அவற்றில் எது அவளுடையது? எது அதனுடையது? பிரித்துப் பார்க்க முடியவில்லை. எல்லாம் ஒரே மாதிரி இனித்தது.

கருவி மூன்று முறை ஒலித்தது.

தண்ணீர் படுத்திருந்தது. அக்கா எழுந்து நின்றாள். முப்பதாவது சுற்று.

கருவி கெடவில்லை. கெட்டிருந்தால் தண்ணீரும் எழுந்திருக்கும்.

பெரிய டாக்டரைத் தொலைபேசியில் அழைத்தாள். 'சொல்லு' என்பார், இரண்டு வாக்கியம் கேட்பார், வைத்துவிடுவார். பதினொரு வருடமாக அவ்வளவுதான்.

"சாப்பிட்டியாம்மா?" என்றார்.

அவள் திரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"சார்... அந்த எட்டு மாதிரி. கண்ட்ரோல் கெட்டுப் போகல சார். கண்ட்ரோல் நான்தான். எனக்கு வந்திருக்கு."

"சரி, இருக்கட்டும்."

"அக்காவுக்கும் வந்திருக்கு சார். மூணு வாரமா நாம சோதனையைத் தூக்கிக் கொட்டிட்டே இருந்திருக்கோம். மேலிடத்துக்கு உடனே எழுதணும்."

"எழுதலாம், எழுதலாம். என்ன அவசரம்?" அந்தக் குரலில் அப்படி ஒரு கனிவு. "நீ அங்க தனியாவா இருக்கே? உன்கிட்ட நான் ஒரு நாள்கூட நல்லா பேசினதில்ல. எத்தனை திட்டியிருப்பேன். மனசு கேக்கல. இரு, நான் வரேன்."

"வேண்டாம் சார்."

"வந்துட்டே இருக்கேன்மா."

அவள் எழுந்து போய்க் கதவை உட்பக்கம் தாழிட்டாள். கனத்த இரும்புக் கதவு. முகம் உயரத்தில் ஒரு சதுரக் கண்ணாடி. தாழ் விழுந்தது. உடனே, யாரும் இல்லாத இந்த அறையில் ஒரு நிமிடம்கூட இருக்க முடியாது என்று தோன்றியது. யார் தோளிலாவது சாய வேண்டும். யாராவது ஒருவர். யாராக இருந்தாலும்.

பல்லைக் கடித்துக்கொண்டு கணினியின் முன் உட்கார்ந்தாள். மேலிடத்துக்கு அனுப்பும் படிவம். குடும்பம்: வெறிநாய்க்கடியினது. இனம்: புதியது. பரவும் வழி: எச்சில். முத்தம், ஊட்டுதல், ஒரே பாத்திரம். முதல் அறிகுறி: இங்கே நிறுத்தினாள். கதவைத் தட்டி நலம் விசாரிக்கிற பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்து ஊரே நடுங்கும்படி ஒரு வரியை எப்படி எழுதுவது? எழுதினாள். எழுதிவிட்டுக் கீழே, படிவத்தில் இடமே இல்லாத ஒன்றையும் சேர்த்தாள்: 'இவர்களை யாரும் அடிக்க வேண்டாம், விரட்ட வேண்டாம். தள்ளி நின்று பேசுங்கள். பேசிக்கொண்டே இருங்கள்.' அனுப்பினாள்.

நான்கே முக்கால். தொலைபேசி அடித்தது. கணவர்.

"என்ன மேடம், வைரஸுக்கெல்லாம் பேர் வெச்சு முடிச்சாச்சா? இல்ல இன்னும் தொட்டில் ஆட்டணுமா?"

அந்தக் கேலியைக் கேட்டதும் அழுகை முட்டியது. இவர் இவராகத்தான் இருக்கிறார். "இங்க வராதீங்க. சிட்டுவைக் கூட்டிட்டு வராதீங்க. அவ எப்படி இருக்கா?"

"அவளுக்கென்ன? இன்னைக்கு மிஸ் கூப்பிட்டுப் பேசினாங்க. கிளாஸ்ல ஒருத்தரை விடலியாம். எல்லாருக்கும் முத்தம். வாட்ச்மேனுக்குக்கூட. இப்படிப் பாசமா ஒரு பிள்ளையைப் பாத்ததில்லேன்னாங்க. எனக்கு அப்படியே நெஞ்சு நிறைஞ்சு போச்சு."

அவள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"கேளுங்க. அவளைத் தனி ரூம்ல படுக்க வைங்க. தொடாதீங்க. ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணுங்க. நான் சொல்றதைக் கேளுங்க."

பிறகு அவர் பேசியபோது கேலி இல்லை.

"ஏம்மா இப்படிப் பேசறே? பயந்துட்டியா? நாங்க இருக்கோம்ல. இதோ கீழதான் நிக்கறோம். மேல வரோம்."

வைத்துவிட்டார்.

லிஃப்ட் ஏறும் சத்தம். நின்றது. கதவு திறந்தது. காலடிகள். ஒருவருடையது அல்ல, இருவருடையது அல்ல. அவசரமே இல்லாத காலடிகள்.

அவள் கதவருகே வந்து கண்ணாடி வழியே பார்த்தாள். கழுவுகிற அக்கா. அவளுடைய தோளில் கை போட்டபடி பெரிய டாக்டர். விடுமுறையில் இருந்த ஊழியர்கள் இருவரும், ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி. கணவர். அவர் இடுப்பில் சிட்டு. குழல்விளக்கின் வெளிச்சத்தில் அத்தனை முகங்களிலும் ஒரே கனிவு. யாரும் கத்தவில்லை. திற என்று யாரும் சொல்லவில்லை. கைப்பிடியைக்கூட யாரும் அசைத்துப் பார்க்கவில்லை. அவசரம் இல்லாதவர்கள்.

"அம்மா," என்றாள் சிட்டு. கண்ணாடி வழியே குரல் பஞ்சுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. "அழாதேம்மா. ஒரே ஒரு முத்தா."

"முடியாதுடி கண்ணு. அம்மாவுக்கு உடம்பு சரியில்ல. அம்மா இங்கயே இருந்து உன்னோட பேசறேன்."

"எனக்கும்தான்," என்றாள் சிட்டு. சிரித்தாள்.

அக்காதான் முதலில் உள்ளங்கையைக் கதவின் மேல் வைத்தாள். தட்டினாள். கதவைத் திறக்கச் சொல்லித் தட்டுகிற தட்டல் அல்ல. உறங்க மறுக்கிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு முதுகில் தட்டுவார்களே, அது. பெரிய டாக்டர் சேர்ந்துகொண்டார். பிறகு ஊழியர்கள். பிறகு கணவர். கடைசியாக ஒரு சின்னக் கை. எல்லாம் ஒரே தாளம். இரும்பு, நெஞ்சுக்கூடுபோல் மெல்ல அதிர்ந்தது.

அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள். ஆண்டவனே, இந்தக் கதவு திறக்காமல் இருக்கட்டும். என் பிள்ளையிடம் நான் போகாமல் இருக்கட்டும். இந்த ஒரு தடவை மட்டும் எனக்கு அன்பில்லாமல் போகட்டும். மேலிடத்தில் யாராவது படிக்கட்டும். யாராவது தள்ளி நிற்கட்டும்.

தட்டல் நிற்கவில்லை.

ஆறு பேர். ஆறு கைகள். எண்ணிப் பார்த்தாள்.

ஏழு கேட்டது.

ஒன்று மட்டும் மிக அருகில். இந்தப் பக்கத்திலிருந்து.

கண்ணைத் திறந்தாள். கையுறை காலடியில் கிடந்தது. அவளுடைய வெறுங்கை, எப்போது போனது என்று தெரியவில்லை, கதவின் மேல் இருந்தது. தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது. மெல்ல. அவர்களுடைய அதே தாளத்தில்.